மழை வந்தால் வெட்டுகிற கை

'மரம் நடுகிற அக்கா' என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நட்டதெல்லாம் கொஞ்ச நாள்தான். மற்ற நாளெல்லாம் நான் செய்தது ஆடு விரட்டியதும், கன்றுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததும்தான். அந்த வேடிக்கையைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன். அதை ஒருத்தரும் கேட்பதில்லை.

மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டி ஒரு செம்மண் மேடு. மலை என்று சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு உயரம்தான். முன்பு அதன் மேல் காடு இருந்ததாம். நான் போனபோது முள்ளும் புதரும் நாலைந்து கிழட்டு நாவல் மரங்களும்தான் மிச்சம். எங்கள் குழு அந்த மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு, காசான், வீரை, மகிழம் என்று இந்த மண்ணிலேயே பிறந்த மரங்களின் கன்றுகளை வைத்தது. விதைகளை ஐயனார் கோயில் காடுகளில் பூசாரியிடம் உத்தரவு கேட்டு, உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி வந்தோம். மேட்டின் அடியில் ஒரு தாங்கல், அதாவது சின்ன ஏரி. அதன் கரை கரைந்துபோய்ப் பல வருடமாக அதில் தண்ணீரே நிற்கவில்லை. மேட்டில் பெய்யும் மழை அப்படியே ஓடையில் இறங்கி, கழுவெளிச் சதுப்புக்குப் போய், கடலுக்கும் போய்விடும். மேலே காடு மழையைப் பிடித்து மெல்ல விட வேண்டும், கீழே தாங்கல் அதை ஏந்திக்கொள்ள வேண்டும், ஊர்க் கிணறுகள் ஊற வேண்டும். எங்கள் குழுவின் வேலை அவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம் போதும். செய்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

அந்த மேட்டில் நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று பல நாள் எனக்கே தெரியாது. நாவல் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தால், காய்ந்த இலை ஒன்று விழும் சத்தம்கூடக் கேட்கும். எங்கோ ஒரு புறா கூவும். கிழக்கே வயல்களையும் பனைகளையும் தாண்டி, வெளிச்சம் சரியாக இருந்தால், மரக்காணத்து உப்பளங்கள் தெரியும். வெயில் ஏற ஏற அவை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி மிதக்கும். உப்புக் குவியல் எது, மேகம் எது, கடல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் பிறந்து வளர்ந்த இடம் அதுதான். அங்கே போய் நின்றால் கண் கூசும், கால் எரியும், கனவுக்கெல்லாம் நேரம் கிடையாது. இங்கிருந்து பார்க்கும்போது மட்டும், அந்த ஊரில் நான் எப்போதோ ஒரு பிறவியில் இருந்தேன் என்பது போலத் தோன்றும். அப்படியே கண் செருகும்.

"என்னம்மா, தூக்கமா?" என்று எங்கள் சார் வந்து நிற்பார்.

"காவல் சார்" என்பேன்.

சார்தான் குழுவின் தலைவர். புதுச்சேரியில் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நமக்கு ஆயுசு குறைந்துவிடும். என்னை மாதிரி ஆளுக்கு அவரோடு வேலை செய்வது பெரிய தவம்.

ஒரு நாள் அவர் முகம் வாடிப்போய் வந்தார். மேடும் தாங்கலும் ஊர்ப் பொது நிலம். ஊரில் பாதிப் பேர் அங்கே சவுக்குப் போட வேண்டும் என்கிறார்களாம். கூடவே ஊர் வார்டு மெம்பரும் வந்திருந்தார். அவரும் விவசாயிதான், கிணறு வற்றிப்போன விவசாயி. சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"சார், உங்க மேல எங்களுக்கு மரியாத இருக்குது. ஆனா மரியாதய வெச்சி நெல்லு நட முடியாது. இந்த மழைக்குத் தாங்கல்ல தண்ணி நிக்கட்டும், அப்புறம் மேடு உங்க பொறுப்பு, ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான். நிக்கலன்னா ஜேசிபி வுட்டு எல்லாத்தையும் நிரவிட்டு சவுக்கு போட்ருவோம்."

எல்லாத்தையும் என்று சொல்லும்போது அவர் கை என் கன்றுகளைக் காட்டியது. அப்போதுதான் அவை இடுப்பளவு வந்திருந்தன. வீரைக் கன்று இடுப்பளவு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஜேசிபிக்குத் தெரியுமா? கரையைக் கட்டியாக வேண்டும், மழைக்கு முன்னால் கட்டியாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

ஆள் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஐப்பசி பிறந்தால் உப்பளம் ஓய்ந்துவிடும். உப்பு வாரும் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, வெடித்த குதிகால், வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண். என்னுடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் அவளோடு ஒரு வேளை சாப்பிட்டால் போதும். அவளுக்கு உலகத்தில் ஒரே எதிரி, மழை. பாத்தியில் உப்பு பூத்து நிற்கும்போது கோடைமழை ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால் முதல் தூறலுக்கே மண்வெட்டியோடு ஓடி வரப்பை வெட்டிவிடுவாள். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரோடு கலப்பதற்குள் அதை வெளியேற்றிவிட வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடியிருக்கிறாள். ஒரு கல்யாணப் பந்தலிலிருந்து பட்டுச்சேலையோடு ஓடியிருக்கிறாள். நான் இந்தக் குழுவில் சேர்ந்தபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன்டி, நாங்க வெரட்டி வுடற மழைய நீ கூப்ட்டு ஒக்கார வெச்சி விருந்து போடப் போறியா?"

இருந்தாலும் வந்தாள். தன் கூட்டாளிப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் மண் சுமந்து கரை ஏற்றியதை நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசையாக வருவார்கள், கூடையைக் கவிழ்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். தூரத்தில் சத்தம் கேட்காது, வாய் அசைவதும் சிரிப்பதும் மட்டும் தெரியும். பகல் பூராவும் அதே அசைவு, அதே சிரிப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் கரை தானாக வளர்கிறது என்று தோன்றும். கீழே இறங்கிப் போனால்தான் தெரியும், என்னைக் கிண்டல் செய்துதான் அவ்வளவு சிரிப்பென்று. "மரத்துக்குப் பாய் விரிச்சிப் படுத்துக்கற மகராசி வர்றா பாரு!"

கரை முடிந்து, ஓரங்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மழை வந்தது.

நான் மேட்டின் உச்சியில் இருந்தேன். முதலில் வாசனை வந்தது, பிறகு காற்று, பிறகு இலைகளின் மேல் படபடவென்று சத்தம். ஒதுங்கத் தோன்றவில்லை. கன்றுகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். மண் எவ்வளவு குடித்தது தெரியுமா? நெடுநேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லை. விழுந்ததெல்லாம் உள்ளே போனது. காலடியில் ஏதோ மெல்லப் பெருமூச்சு விடுவது போல் இருந்தது. பிறகு சருகுகளுக்கு அடியிலிருந்து நூல் நூலாகத் தெளிந்த தண்ணீர் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, என் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று. செம்மண் மேட்டில் கலங்காத தண்ணீர்! நான் வாயைத் திறந்துகொண்டு மழையைக் குடித்தேன், சிரித்தேன், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் ஆடக்கூடச் செய்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

கீழிருந்து அம்மாவின் குரல் கேட்டது. உற்சாகமான குரல்.

"வெட்டிட்டோம்டீ! நீ ஒண்ணும் கவலப்படாத! எல்லாத் தண்ணியும் வெளிய போவுது!"

என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மழையினூடாகப் பார்த்தேன். கரையின் நடுவில் பெரிய வாய் திறந்திருந்தது. அதன் வழியாகத் தாங்கலின் தண்ணீர் புரண்டுகொண்டு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அம்மாவும் மற்றவர்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒரு பாத்தி உப்பைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு நின்றார்கள்.

நான் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அதை இங்கே எழுத முடியாது. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

"ஐயோ" என்றாள். "ஐயோ, தண்ணிய நிறுத்தணும்னுதான கட்னோம்!"

"அது இப்பத்தான் தெரியுதா?"

"மழ வந்துச்சி, தண்ணி ஏறுச்சி... கை வெட்டிடுச்சிடி. நான் எங்கடி வெட்டுனேன்? கைதான் வெட்டிடுச்சி."

கூட இருந்த ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "மாவு விக்கப் போனா காத்தடிக்குது, உப்பு விக்கப் போனா மழ பேயுது. நம்ம ராசி, கர கட்னாலும் இப்டித்தான்!" யாரும் சிரிக்கவில்லை. அடைக்கப் பார்த்தோம், வேகத்தில் ஒரு கூடை மண்கூட நிற்கவில்லை. மழை விட்டபோது தாங்கலில் சேறுதான் இருந்தது.

மறுநாள் பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. மெம்பர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? உப்புக்காரங்களக் கூட்டியாந்து ஏரி வேல பாத்தா ஏரி எப்படி நிக்கும்?" என்று நிதானமாகக் கேட்டார். சார் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். நான் சண்டைக்கு எழுந்தேன். எங்கள் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு அம்மா முன்னால் போனாள்.

"வெட்டுனது நானு. எம்பொண்ணு மேலயோ சார் மேலயோ தப்பு இல்ல. மழக்காலம் இன்னும் முடியல இல்ல? அதே எடத்த நாங்களே அடைச்சித் தர்றோம். அப்பவும் நிக்கலன்னா உங்க சவுக்குக்கு நானே வந்து குழி தோண்டறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெம்பர் சிரிக்கவில்லை. "சரிம்மா. மழ ஓயற வரைக்கும் பாப்போம்" என்றார்.

அடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் தை மாதம் பாத்தி போடும்போது களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத்தான் தரையை இறுக்குவார்கள், ஒரு சொட்டு கீழே இறங்காதபடி. அதே மிதி. வெட்டுவாயில் ஒரு சாண் களிமண் போடுவார்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக ஏறி மிதிப்பார்கள், மறுபடி ஒரு சாண் போடுவார்கள். நானும் மிதித்தேன். சார்கூட வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மிதித்தார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கொஞ்ச நேரத்தில் கால் தானாகப் போகும், கண் பாதி மூடிக்கொள்ளும், எல்லோரும் சேர்ந்து ஒரே தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், கீழேயே பார்த்துக்கொண்டு மிதித்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

அடைத்து முடித்தோம். மழை வரவில்லை. வானம் நீலமாகத் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. கார்த்திகை பிறந்து தீபம்கூட ஏற்றியாயிற்று. நான் மேட்டில் உட்கார்ந்து கன்றுகளைப் பார்ப்பேன். அவை இருக்கும், கண்ணை மூடினால் இருக்காது, வெறும் நிரவிய மண் தெரியும். திறந்தால் மறுபடி இருக்கும். அப்படி எத்தனை நாள் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் நின்று கடல் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன மழைக்காரி, வானம் இன்னிக்கு என்ன சொல்லுது?" என்பார்கள். "போடி வேலயப் பாத்துக்கினு" என்பாள் அம்மா. ஆனால் உள்ளே போகமாட்டாள்.

அவளுக்கு மழை வந்தால் ஒரு நஷ்டமும் இருந்தது. மற்ற பெண்கள் முதலாளியிடம் கூலிக்கு வாருகிறவர்கள். அம்மா மட்டும் அந்த வருடம் ஒரு சின்னப் பாத்தியைப் பங்குக்கு எடுத்திருந்தாள். கடைசியாக வாரிய உப்பு இன்னும் அங்கேயே குவிந்து கிடந்தது. லாரிக்காரன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஓலை போட்டு மூடியிருந்தோம். பெரிய காற்றுக்கு ஓலை தாங்காது. அதற்காகவே ஒரு நீலத் தார்ப்பாய் வைத்திருந்தோம். நடுவில் கிழிந்த இடத்தில் யாருடைய கல்யாண பேனரிலிருந்தோ ஒரு துண்டை வெட்டி அம்மா தைத்திருந்தாள். மாப்பிள்ளையின் பாதிச் சிரிப்பு அதில் தெரியும்.

கடைசியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று போனில் செய்தி வந்தது. மீன்பிடிப் படகுகள் திரும்பிவிட்டன. விடியும்போதே ஊதல் காற்று. நான் தாங்கலுக்குக் கிளம்பினேன். "நீ குவியலப் பாரு, நான் கரையப் பாக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் தார்ப்பாயை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று பெய்தது மழை என்றே எனக்குத் தோன்றவில்லை. வானம் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. மேடு தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, எதிரில் நின்ற சாரின் முகம் வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது. தாங்கலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. ஏற ஏற எனக்கு அழுகை வந்தது, பயத்திலா ஆசையிலா என்று சொல்லத் தெரியவில்லை. புதிதாக அடைத்த இடத்தில் அலை மோதி மோதி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கியது. மணல் மூட்டைகளைப் போட்டோம். மூட்டைகள் தீர்ந்தன. "இன்னும் ஒரு மணி நேரம் தாங்குமா?" என்றார் சார். அவர் அவ்வளவு சின்ன வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது பால் வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து உப்பளத்துப் பெண்கள் குதித்தார்கள். கடைசியாக இறங்கியவள் அம்மா. தலையில் பெரிய நீல மூட்டை.

எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அடைத்த இடத்துக்குப் போய், தண்ணீர் மோதுகிற பக்கமாகத் தார்ப்பாயை உதறி விரித்தாள். கீழ் ஓரத்தைத் தண்ணீருக்குள் நாங்கள் இழுத்துப் பிடித்து, ஏற்கெனவே போட்ட மூட்டைகளில் சிலதை நகர்த்தி வைத்தோம். மேல் ஓரத்துக்கு வைக்க வேறு மூட்டை இல்லை. பெண்கள் ஏறி நின்றார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள், ஒருத்தி 'ஐயனாரப்பா' என்றாள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அலை வந்து தார்ப்பாயில் மோதி வழுக்கித் திரும்பியது. மாப்பிள்ளையின் பாதிச் சிரிப்பு தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது.

"அம்மா, குவியல்?" என்று கத்தினேன்.

"மிதிடி" என்றாள்.

"அம்மா, வேற எதனா போட்டு மூடினியா?"

"தண்ணி இங்க ஏறுது, இவ அங்க பேசறா. சும்மா மிதிடி!"

மிதித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துவிட்டது. கண்ணை மூடியிருந்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திறந்தபோது வெளிச்சம் வந்திருந்தது, மழை தூறலாகியிருந்தது, எங்கோ புதிதாக ஒரு சத்தம் கேட்டது. தாங்கலின் ஒரு முனையில் உபரித் தண்ணீர் போவதற்காகக் கல் பாவியிருப்பார்கள், கலங்கல் என்பார்கள். அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாங்கல் நிரம்பிவிட்டது. கரை நின்றது. தண்ணீரில் மேடு தலைகீழாகத் தெரிந்தது, என் கன்றுகளோடு. சார் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் மொத்தமும் குடை பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தது. மெம்பர் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார், கலங்கலில் கையை விட்டுப் பார்த்தார், திரும்பி வந்தார். "மேடு உங்களுது சார். அவ்ளோதான், பேச்சு முடிஞ்சிது" என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெண்களில் யாரோ குவியலைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, அன்னிக்கு நான் பேசுனத மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க கெளம்புங்க, நம்ம பசங்க மூட்ட போட்டுக்குவாங்க. தார்ப்பாயையும் எடுத்துக்கினு போங்க. உங்க உப்ப மூடணுமே."

அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். தாங்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடக்கட்டும் வுடுங்க. அங்க மூடறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."